குடித்துவிட்டு ஓட்டுபவர்கள் எத்தனை வகை?

(நம் சங்கத்தின் கோடைச் சுற்றுலாவில், கொல்லிமலை செம்மேட்டில் தங்கிய இரவு, சாப்பாட்டுக்கு முன் பேசியது. இதழுக்காகக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)



ஆகாய கங்கைக்கு இறங்கி ஏறியதில் பாதிப் பேருக்கு முழங்கால் பேசிக்கொண்டிருக்கும். அதனால் நான் அதிகம் பேசக்கூடாது என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். ஆனால் என்னைப் பேசச் சொன்னதே அவர்தான். தலைப்பைக் கேட்டதும் சிலர் பார்வையைத் திருப்பியதையும் கவனித்தேன். பயப்படாதீர்கள், நான் மதுவிலக்குப் பிரசாரம் செய்ய வரவில்லை.

இரண்டு காரணத்துக்காக இந்தத் தலைப்பை எடுத்தேன். ஒன்று, பிப்ரவரியில் ஓர் இரவு நம் கீழ்த்தள வாகன நிறுத்தத்தில் ஒரு கார் தூணில் மோதியது. தூணுக்குப் பக்கத்தில்தான் பிள்ளைகளின் சைக்கிள்கள் நிற்கும். இரவு பதினொன்றரை மணி என்பதால் பிள்ளைகள் இல்லை. மறுநாள் நம் வாட்ஸ்அப் குழுவில் நடந்ததை நீங்கள் எல்லோரும் படித்தீர்கள். "அவரை வீட்டைக் காலி பண்ணச் சொல்லுங்கள்" என்று ஒரு கட்சி. "எல்லோரும் செய்வதுதானே, பெரிதாக்காதீர்கள்" என்று இன்னொரு கட்சி. சம்பந்தப்பட்டவரிடம் சொல்லிவிட்டு, அவர் சரி என்ற பிறகுதான் இதைப் பேசுகிறேன். யார் என்பது இங்கே தேவையில்லை.

இரண்டாவது காரணம் நாளைக் காலை. காரவள்ளிக்கு இறங்க எழுபது கொண்டை ஊசி வளைவுகள். இன்றிரவு இந்த விடுதியில் சில அறைகளில் என்ன நடக்கும் என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

நான் முப்பத்தைந்து வருடம் வங்கியில் எழுத்தராக இருந்தவன். போலீஸும் இல்லை, டாக்டரும் இல்லை. பி.காம். படிக்கும்போது புள்ளியியல் என்று ஒரு தாள். அதில் பாஸ் பண்ணினேன் என்பதற்கு மேல் பெருமை ஒன்றும் கிடையாது. ஆனால் வங்கி எனக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்தது. தவணை கட்டாதவர்கள் எல்லோரும் ஒரே ஆள் இல்லை.

1985 வாக்கில் ரிசர்வ் வங்கி 'ஹெல்த் கோடு' என்று ஒரு முறையைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு கடன் கணக்குக்கும் ஒன்று முதல் எட்டு வரை ஒரு எண் போட வேண்டும். திருப்திகரம், ஒழுங்கற்றது, நோயுற்றது ஆனால் தேறும், நோயுற்றது தேறாது, இப்படிப் போய், வழக்குப் போட்டது, வாராக்கடன் வரை. பிறகு நரசிம்மம் குழு சொன்னபடி அது நான்கு வகையானது. மழை பொய்த்ததால் தவணை விட்ட விவசாயிக்கும், கையில் பணம் வைத்துக்கொண்டே கட்டாதவருக்கும் பேரேட்டில் ஒரே சிவப்பு மைதான். ஆனால் முதலாமவருக்குத் தவணையை மாற்றி அமைத்தால் கடன் திரும்பி வரும். இரண்டாமவருக்கு அதையே செய்தால் அவர் சிரித்துக்கொண்டே இன்னொரு கடன் கேட்பார். மாற்றிச் செய்தாலும் நஷ்டம்தான். விவசாயியின் டிராக்டரை ஜப்தி செய்தால் கடனும் போகும், ஆளும் போவார்.

குடித்துவிட்டு வண்டி ஓட்டுபவர்கள் விஷயத்திலும் இதே கேள்வியைத்தான் நாற்பது ஐம்பது வருடமாகப் புள்ளியியல்காரர்கள் கேட்டு வருகிறார்கள். பிடிபட்டவர்கள் எல்லோரும் ஒரே வகையா? இல்லையென்றால் எத்தனை வகை? யாருக்கு எது மருந்து?

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். சட்டத்தின் கோடு எல்லோருக்கும் ஒன்றுதான். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். ஓட்டினால் மட்டுமில்லை, ஓட்ட முயன்றாலும் குற்றம். முதல் தடவை ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். முன்பு 2,000 ரூபாயாக இருந்ததை 2019 திருத்தத்தில் ஏற்றினார்கள். தமிழ்நாட்டில் புதிய அபராதங்கள் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. குடித்தவர் ஓட்டுகிறார் என்று தெரிந்தே கூட உட்கார்ந்து போகிறவருக்கும் அபராதம் உண்டு என்று சென்னைப் போக்குவரத்துப் போலீஸ் அதே மாதம் அறிவித்தது. பக்கத்து இருக்கையில் உட்காரும் சகோதரிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

இங்கிலாந்தில் இந்த அளவு 80 மில்லிகிராம். நம்முடையது அதில் பாதிகூட இல்லை. ஆக, சட்டம் நம் ஊரில் தளர்வாக இருக்கிறது என்று யாரும் சொல்ல முடியாது. இன்னொரு நல்ல விஷயம், அளந்து பார்க்க வேண்டும் என்று நம் நீதிமன்றங்கள் கேட்டிருக்கின்றன. வாயில் வாடை, தள்ளாட்டம் இவை மட்டும் போதாது என்று 1971-லேயே மகாராஷ்டிர வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஊதிப் பார்க்கும் கருவி 1954-ல் அமெரிக்காவில் போர்க்கன்ஸ்டைன் என்ற போலீஸ்காரர் கண்டுபிடித்தது. எண் கிடைத்த பிறகுதான் புள்ளியியலுக்கே வேலை வந்தது.

எண் என்று சொன்னேன். அந்த எண்ணே எவ்வளவு குறைவாகப் பதிவாகிறது என்பதற்கு என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். மத்திய அரசின் கணக்குப்படி 2022-ல் நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அந்த வருடம் அதிக விபத்துகள் நடந்த மாநிலம் நம் தமிழ்நாடு, 64,105. இறப்புகளில் குடிபோதையால் நடந்தவை என்று பதிவானவை நூற்றுக்குச் சுமார் இரண்டரை. நம்புகிறீர்களா? பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனை ஆராய்ச்சியாளர்கள் காயப்பட்டு வந்தவர்களைப் பரிசோதித்துப் பார்த்தபோது கிடைத்த விகிதம் இதைப்போலப் பல மடங்கு. போலீஸ் படிவத்தில் காரணம் என்று பெரும்பாலும் ஒன்றுதான் ஏறும். அது 'அதிவேகம்' என்று போய்விடும்.

1991-ல் ஒரு நண்பரின் பதவி உயர்வு விருந்து. எனக்குப் பழக்கம் கிடையாது. வற்புறுத்தினார்கள், இரண்டு கிளாஸ் குடித்தேன். பின்னால் மனைவியை உட்கார வைத்துக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன். எனக்கு ஒன்றுமில்லை என்றுதான் நினைத்தேன். தினமும் போகிற தெருவில் தினமும் இருக்கிற வேகத்தடை அன்று கண்ணில் படவில்லை. எனக்குச் சிராய்ப்பு. அவளுக்கு இடது மணிக்கட்டு முறிந்தது. இன்றும் அவள் அந்தக் கையால் தண்ணீர்க் குடத்தைத் தூக்க மாட்டாள். ஆஸ்பத்திரியில் என்ன சொன்னோம்? மழையில் வண்டி சறுக்கியது என்று அவளே சொன்னாள். மழையே பெய்யவில்லை. அந்த விபத்து எந்த ஊர்க் கணக்கிலும் 'குடி' என்ற பத்தியில் ஏறவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இன்று சொல்கிறேன்.

இனி வகைப்படுத்தும் முறைக்கு வருகிறேன். இதற்கு ஆங்கிலத்தில் 'கிளஸ்டர் அனாலிசிஸ்' என்று பெயர். கொத்துப் பகுப்பாய்வு என்று வைத்துக்கொள்ளலாம். பிடிபட்ட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் சில அளவுகள் எடுக்கிறோம். வயது, பிடிபட்டபோது ரத்தத்தில் இருந்த ஆல்கஹால், முன்பு எத்தனை தடவை மாட்டினார், வாரத்தில் எத்தனை நாள் குடிக்கிறார், கோபம் எவ்வளவு, மனச்சோர்வு எவ்வளவு. கோபத்துக்கும் சோர்வுக்கும் கேள்வித்தாள் வைத்து மதிப்பெண் போடுவார்கள். ஆக, ஒவ்வொரு ஆளும் சுவரில் ஒரு புள்ளி. பக்கத்தில் பக்கத்தில் விழும் புள்ளிகளைச் சேர்த்தால் கொத்துக் கொத்தாகத் தெரியும். அதைக் கண்ணால் பார்க்க முடியாததால் கணக்கால் பார்க்கிறார்கள்.

இதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. இரண்டும் கணக்கு எழுதியவர்களுக்குப் புரியும். ஒன்று, ரூபாயையும் பைசாவையும் ஒரே கட்டத்தில் போட்டுக் கூட்டக்கூடாது. வயது வருடத்தில், ஆல்கஹால் மில்லிகிராமில், கோபம் மதிப்பெண்ணில் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டு, ஒரே வவுச்சரை இரண்டு தடவை பதியக்கூடாது. வாரத்தில் எத்தனை நாள் குடிக்கிறார் என்பதும், மாதம் எவ்வளவு செலவழிக்கிறார் என்பதும் கிட்டத்தட்ட ஒரே தகவல். இரண்டையும் முழுசாக எண்ணினால் கணக்கு ஒரு பக்கம் சாயும்.

இந்த இரண்டு சிக்கலையும் ஒரே சூத்திரத்தில் தீர்த்தவர் நம் நாட்டுக்காரர். கல்கத்தாவில் 1931-ல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கிய பிரசாந்த சந்திர மகலனோபிஸ். இரண்டு ஆட்கள், அல்லது இரண்டு கூட்டங்கள், எவ்வளவு 'தூரத்தில்' இருக்கிறார்கள் என்று அளக்க 1936-ல் அவர் கொடுத்த அளவுக்கு உலகம் முழுவதும் 'மகலனோபிஸ் தூரம்' என்றே பெயர். அவர் பிறந்த ஜூன் 29-ஐத்தான் தேசியப் புள்ளியியல் தினமாகக் கொண்டாடுகிறோம். நம் இதழ் வெளிவரும் சமயம் அந்த நாளும் வரும். அவருடைய நிறுவனத்தில் வளர்ந்த சி.ஆர். ராவ், பல அளவுகளை ஒன்றாக வைத்து எது எந்த வகை என்று பிரிக்கும் முறையை 1948-ல் விரித்து எழுதினார். 2023-ல் 102 வயதில் மறைந்தார். கடன் கேட்டு வருபவர் கட்டுவாரா மாட்டாரா என்று இன்று கணினி மதிப்பெண் போடுகிறதே, அதற்கும் பூர்வீகம் இந்தப் பக்கம்தான்.

இந்த முறையைக் குடித்து ஓட்டியவர்கள் மீது அமெரிக்காவில் 1970-களின் கடைசியிலிருந்து பயன்படுத்தினார்கள். 1979-ல் வந்த ஓர் ஆய்வு, பிடிபட்ட ஆண்கள் ஏறத்தாழ 1,500 பேரை வகை பிரித்தது. 1982-ல் சியாட்டில் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் டோனவனும் மார்லட்டும் பிடிபட்டவர்களின் மனப்போக்கை அளந்து ஐந்து கொத்துகளைக் கண்டார்கள். அதில் இரண்டு கொத்துகள் மற்றவற்றிலிருந்து தனித்துத் தெரிந்தன. ஒன்று, சண்டைக் குணம், வேகப் போட்டி, ஆபத்தில் கிளர்ச்சி தேடுகிற கூட்டம். இன்னொன்று, மனச்சோர்வு, உள்ளே அடக்கி வைத்த மனக்கசப்பு, நம் கையில் எதுவும் இல்லை என்ற எண்ணம் கொண்ட கூட்டம். சாலையில் இரண்டு கூட்டமும் செய்தது ஒரே குற்றம். அதற்குப் பின்னால் இருந்த மனிதர்கள் வேறு வேறு.

பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருவதை நான்கு வகையாக என் பாஷையில் சுருக்கிச் சொல்கிறேன். ஆராய்ச்சியாளர்கள் இவ்வளவு எளிமையாகப் பிரிக்க மாட்டார்கள், நாம் புரிந்துகொள்ள இது போதும்.

முதல் வகை, கணக்குத் தவறியவர். எப்போதாவது குடிப்பவர். வேலை, வீடு எல்லாம் ஒழுங்கு. 'இவ்வளவுதானே' என்று நினைத்து வண்டியை எடுத்துவிட்டார். 1991-ல் நான்.

இரண்டாம் வகை, வேகக்காரர். இவருக்குக் குடி பாதி, குணம் பாதி. குடிக்காதபோதும் இவர் இடது பக்கமாக முந்துவார், ஹாரனை விடமாட்டார். குடித்தால் இருக்கிற கொஞ்சம் பிரேக்கும் போய்விடும்.

மூன்றாம் வகை, மனச்சுமைக்காரர். வீட்டில் ஒரு பிரச்சினை, வேலையில் ஓர் அவமானம், ஒரு சாவு. குடி அதற்கு மருந்து என்று நினைக்கிறார். சாலையில் சாதுவாகத்தான் ஓட்டுவார். ஆனால் வாழ்வதிலேயே பிடிப்பில்லாதபோது சீட் பெல்ட் போட வேண்டும் என்று எப்படித் தோன்றும்?

நான்காம் வகை, குடிக்கு அடிமையானவர். இவருக்கு அது நோய். இவர் ரத்தத்தில் எப்போதும் கொஞ்சம் இருக்கும். தள்ளாட மாட்டார், பேச்சுக் குழறாது. அதுதான் ஆபத்து. பார்க்கிறவர்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

என்னோடு வேலை பார்த்த ஒருவர் நான்காம் வகை. கேஷ் கவுண்டரில் அவ்வளவு சுத்தமான கை. ஒரு நாளும் கணக்கு உதைத்ததில்லை. இரண்டு தடவை போலீஸில் மாட்டினார். இரண்டு தடவையும் நாங்கள் நாலைந்து பேர் பணம் போட்டு அபராதம் கட்ட உதவினோம். நட்புக்குச் செய்கிறோம் என்று நினைத்தோம். 'நீ ஏன் காலையிலேயே குடிக்கிறாய்' என்று ஒருவரும் கேட்கவில்லை. மூன்றாவது தடவை ஒரு லாரிக்குப் பின்னால் போய்ச் செருகிவிட்டார். அபராதம் கட்ட ஆள் இல்லை. வங்கி பாஷையில் சொன்னால், தேறாத கணக்குக்கு வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பித்துக்கொண்டே இருந்தோம். அவர் தேறியிருக்கக்கூடும், நாங்கள் பார்க்கவில்லை என்பதுதான் சரி.

இப்போது மருந்து. முதல் வகைக்கு அபராதமும் வெட்கமும் பெரும்பாலும் போதும். மணிக்கட்டு முறிந்த பிறகு நான் தொடவில்லை. இரண்டாம் வகைக்கு அபராதம் ஒரு டோல் கட்டணம் மாதிரி. லைசென்ஸைப் பிடித்தால்தான் உறைக்கும். கோபத்தை அடக்கும் பயிற்சியும் வேண்டும். மூன்றாம் வகைக்கு முதலில் பேச ஓர் ஆள் வேண்டும், பிறகு மனநல மருத்துவர். நான்காம் வகைக்கு வைத்தியம் வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை. தினமும் அதிகமாகக் குடிப்பவரைத் திடீரென்று ஒரே நாளில் நிறுத்தச் சொல்லிப் பூட்டி வைத்தால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து. டாக்டர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

யார் எந்த வகை என்று கண்டுபிடிக்க முதல் படியாக உலக சுகாதார நிறுவனம் 'ஆடிட்' என்று ஒரு கேள்வித்தாள் வைத்திருக்கிறது. பெயரைக் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. இது அந்த ஆடிட் இல்லை. 1980-களில் ஆறு நாடுகளில் சோதித்துத் தயாரித்தது. பத்துக் கேள்விகள், மொத்தம் 40 மதிப்பெண். 7 வரை இருந்தால் தகவல் சொன்னால் போதும். 8 முதல் 15 வரை, எளிய அறிவுரை. 16 முதல் 19 வரை, ஆலோசனையும் தொடர் கண்காணிப்பும். 20-க்கு மேல், நிபுணரிடம் அனுப்பு. பாருங்கள், வகை பிரித்த கையோடு என்ன செய்ய வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. நம் ஹெல்த் கோடு மாதிரியேதான்.

வெளியூர்களில் என்ன செய்கிறார்கள்? ஜெர்மனியில் 100 மில்லிக்கு 160 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருந்து மாட்டினால், மருத்துவ, மனநலப் பரிசோதனையில் தேறாமல் லைசென்ஸ் திரும்பக் கிடைக்காது. அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் 2005-ல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். மாட்டியவர் தினமும் காலையும் மாலையும் வந்து ஊதிக் காட்ட வேண்டும். குடித்திருந்தால் உடனே ஓரிரு நாள் லாக்கப். பெரிய தண்டனை இல்லை, ஆனால் தப்பாமல் அன்றே வரும். மறுபடி மாட்டுவோர் எண்ணிக்கை 12 சதவீதம் குறைந்தது என்று பிறகு ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். நமக்குப் பக்கத்தில் ஐதராபாத்தில், மாட்டியவர் நீதிமன்றம் போவதற்கு முன் போக்குவரத்துப் பயிற்சி மையத்துக்குக் குடும்பத்தில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு ஆலோசனைக்கு வர வேண்டும். எனக்குப் பிடித்தது இது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது விபத்துப் படம் காட்டினால் எந்த வகை ஆளுக்கும் கொஞ்சம் இறங்கும்.

எல்லாம் சொன்னேன். இந்த வகை பிரிப்பில் உள்ள ஓட்டைகளையும் சொல்லாமல் விட்டால் அது நேர்மையில்லை.

ஒன்று, கொத்துப் பிரிக்கச் சொன்னால் கணினி எதையும் பிரித்துக் கொடுக்கும். சந்தையில் ஒரே மாதிரி அன்னாசிகளைக் கொட்டி நாலு குவியல் போடு என்றால் போடுவார்கள். குவியல் இருப்பதாலேயே நாலு ரகம் இருக்கிறது என்று ஆகாது. பிரித்த வகைகள் வேறு ஊரிலும் அதே மாதிரி வருகின்றனவா, பிறகு யார் மறுபடி மாட்டினார்கள் என்பதோடு பொருந்துகின்றனவா என்று பார்த்த பிறகே நம்ப வேண்டும். இரண்டு, கணக்கில் வருவது பிடிபட்டவர்கள் மட்டும். போலீஸ் எங்கே நிற்கிறதோ, எந்த வண்டியை நிறுத்துகிறதோ அதைப் பொறுத்தது. மூன்று, இவை பெரும்பாலும் வெளிநாட்டுக் கார் ஓட்டும் ஆண்களின் கணக்கு. நம் ஊரில் பாதி விவகாரம் இரு சக்கர வண்டி.

நான்காவதுதான் முக்கியம். மத்தியானம் செம்மேட்டில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். நம்மவர் ஒருவர், "மலைக்காரங்க சாயங்காலமானா குடிதான், அவங்க பைக்குக்கு வழி விட்டுப் போகணும்" என்றார். கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. நம்மவர் எழுந்து போனதும் என்னிடம் சொன்னார்: "சனி, ஞாயிறு ஆனா கீழேயிருந்து வர்றவங்கதான் சார் வளைவுல வண்டியை நிறுத்திக் குடிச்சிட்டுப் பாட்டிலை உடைச்சுப் போடறாங்க. மறுநாள் எங்க புள்ளைங்க அதுல நடந்து பள்ளிக்கூடம் போவுது." இரண்டு பேரும் வகை பிரித்துவிட்டார்கள், பார்த்தீர்களா? ஒருவர் மலையை வைத்து, ஒருவர் சமவெளியை வைத்து. எந்த அளவும் எடுக்கவில்லை.

இப்படி ஆளைப் பார்த்து, பிறப்பைப் பார்த்து வகை பிரித்த வரலாறு நமக்கு உண்டு. 1871-ல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் முழு சமூகங்களையே குற்றவாளி என்று பதிவேட்டில் எழுதியது. 1911 திருத்தத்துக்குப் பிறகு சென்னை மாகாணத்திலும் வந்தது. 1920-ல் பெருங்காமநல்லூரில் அதை எதிர்த்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடே நடந்தது. மகலனோபிஸின் அளவுகோலும் முதலில் மனிதர்களின் மண்டையையும் மூக்கையும் அளந்து எந்தக் கூட்டம் எந்தக் கூட்டத்துக்குப் பக்கம் என்று பார்க்கத்தான் உருவானது. கருவி நல்லதுதான். எதை அளக்கிறோம், எதற்காக அளக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒருவர் என்ன செய்தார், எவ்வளவு குடித்தார், எத்தனை தடவை என்பதை அளக்கலாம். அவர் எந்த ஊர், எந்த சாதி என்பதை வைத்து அளக்கக்கூடாது. அப்படியே, ஒரு வகையில் எழுதியவரை சாகும்வரை அதிலேயே வைக்கவும் கூடாது. வங்கியில்கூடத் தேறிய கணக்கை மறுபடி 'ஸ்டாண்டர்டு' ஆக்குவோம்.

சரி, இன்றிரவுக்கு வருகிறேன். ஒரு சின்னக் கணக்கு. குவார்ட்டர் என்பது 180 மில்லி. லேபிளில் 42.8 சதவீதம் என்று இருக்கும். அதில் சுத்த ஆல்கஹால் சுமார் 60 கிராம். 70 கிலோ எடையுள்ள ஆணின் ரத்தத்தில் அது 100 மில்லிக்கு ஏறத்தாழ 125 மில்லிகிராம் வரை போகும். உடம்பு மணிக்குச் சராசரியாக 15 மில்லிகிராம்தான் குறைக்கும். மோர் குடித்தாலும், எலுமிச்சை பிழிந்தாலும், குளிர்ந்த தண்ணீரில் குளித்தாலும் இந்த வேகம் கூடாது. இரண்டு குவார்ட்டர் என்றால் 250. இரவு பதினொரு மணிக்கு 250 என்றால், காலை ஏழு மணிக்கு எட்டு மணி நேரத்தில் 120 கழிந்து, மிச்சம் 130. சட்டத்தின் அளவைப்போல நான்கு மடங்குக்கு மேல். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கும் 55 இருக்கும். நன்றாகத் தூங்கி எழுந்து, பல் துலக்கி, இட்லி சாப்பிட்டு, நெற்றியில் விபூதியோடு ஸ்டீயரிங்கைப் பிடிப்பவர் ரத்தத்தில் இது ஓடும். பெண்களுக்கும் எடை குறைந்தவர்களுக்கும் இதைவிட அதிகம். இது சராசரிக் கணக்கு. 'எனக்கு இத்தனை மணிக்குத் தெளிந்துவிடும், ஓட்டலாம்' என்று தீர்மானிக்க இதைப் பயன்படுத்தாதீர்கள், காத்திருக்க மட்டும் பயன்படுத்துங்கள்.

மணிக்கு 30 கிலோமீட்டரில் இறங்கினால் வண்டி ஒரு விநாடிக்கு எட்டு மீட்டருக்கு மேல் போகிறது. கால் பிரேக்குக்குப் போக அரை விநாடி தாமதித்தால் நான்கு மீட்டர். அது ஒரு காரின் நீளம். எழுபது வளைவுகளில் ஏதாவது ஒன்றில் எதிரே பஸ் ஏறி வரும். மலைச் சாலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை, நாம்தான் ஒதுங்க வேண்டும். ஒதுங்க அந்த நான்கு மீட்டர் வேண்டும்.

அதனால் மூன்று வேண்டுகோள்.

முதலாவது, வரவேற்பறை மேஜையில் ஒரு பிரம்புக் கூடை வைத்திருக்கிறேன். இன்றிரவு குடிப்பவர்கள் சாவியை அதில் போட்டுவிட்டுப் போங்கள். யார் போட்டது என்று யாரும் கேட்க மாட்டார்கள். காலையில் குடிக்காதவர்கள் ஓட்டட்டும். ஓட்ட ஆள் இல்லாத வண்டிகள் சாயங்காலம் இறங்கட்டும். அதற்குள் ஒரு தடவை அறப்பளீஸ்வரரைப் பார்த்துவிட்டு வாருங்கள், கோயில் பக்கத்தில்தான் இருக்கிறது.

இரண்டாவது, ஆடிட் கேள்வித்தாளைத் தமிழில் எழுதி நகல் எடுத்து வைத்திருக்கிறேன். வீட்டுக்கு எடுத்துப் போய்த் தனியாகப் போட்டுப் பாருங்கள். யாரிடமும் காட்ட வேண்டாம். எட்டுக்கு மேல் வந்தால் உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். இருபதைத் தாண்டினால் தள்ளிப் போடாதீர்கள். அரசின் இலவச உதவி எண் 14446. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது.

மூன்றாவது, தூண் விவகாரம். தூணுக்கும் பெயிண்டுக்கும் ஆன செலவை அவர் கட்டட்டும், அவரும் ஒத்துக்கொண்டார். ஆனால் அதோடு கோப்பை மூடிவிடாதீர்கள். 'காலி பண்ணு' என்பவர்களுக்கும், 'பெரிதாக்காதே' என்பவர்களுக்கும் ஒரே கேள்வி. அவர் எந்த வகை என்று யாராவது கேட்டீர்களா? நான் கேட்டேன். அரை மணி நேரம் பேசினார். என்ன பேசினார் என்பது எங்கள் இருவரோடு. வீட்டைக் காலி பண்ணினால் அவர் வேறொரு குடியிருப்பின் தூணில் மோதுவார், அங்கே பிள்ளைகள் நிற்கக்கூடும். இதை மட்டும் சொல்லலாம், அவருக்குத் தேவைப்பட்டது நம் குழுவில் வந்த நாற்பது செய்திகளில் ஒன்றிலும் இல்லை.

என் நண்பருக்கு நான் கேட்காமல் விட்ட கேள்வியை நீங்கள் உங்களுக்குத் தெரிந்தவரிடம் கேட்டுவிடுங்கள். சாப்பாடு ஆறுகிறது. வணக்கம்.

பின்குறிப்பு: மறுநாள் காலை கூடையில் ஆறு சாவிகள் இருந்தன. ஐந்தைக் குடும்பத்தில் வேறு யாராவது எடுத்து ஓட்டினார்கள், மூன்று பேர் மனைவிமார். ஆறாவது சாவி சாயங்காலம் நான்கு மணி வரை கூடையிலேயே இருந்தது. அந்த வண்டிக்காரரோடு நானும் காத்திருந்தேன். சோளக்காட்டில் இரண்டு பலாப்பழம் வாங்கிக்கொண்டு, எழுபது வளைவும் இறங்கி, இருட்டுவதற்குள் காரவள்ளி சேர்ந்தோம்.